தோம்பில் இல்லாத பெயர்கள்



உங்கள் பிள்ளைக்கு ஞானத்தகப்பனைத் தெரிவு செய்தபோது, அவருடைய ஞானஸ்நான, உறுதிபூசுதல் அத்தாட்சிகளைப் பங்குக் குருவானவர் கேட்டிருப்பார். 16 வயது நிரம்பியவரா, விசுவாசத்துக்கேற்ப வாழ்பவரா என்றும் விசாரித்திருப்பார். ஏன் இத்தனை கேள்விகள் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அடிகளார் 1651 சித்திரை 21 ஆம் நாள் கோவா நாட்டில் பிறந்தார். 1676 இல் குருவானார். 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது இலங்கையின் கரையோரங்கள் ஒல்லாந்தர் வசமிருந்தன. நமது வாவி சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பிய கோட்டையை அவர்கள் 1638 இல் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று 1658 இல் கட்டளை பிறப்பித்தார்கள்.

ஒல்லாந்தரின் சபையில் ஞானஸ்நானம் பெற்று, பாடசாலைத் தோம்பில் பெயர் பதிந்தவனுக்கே உத்தியோகம் கிடைத்தது. பதியாதவனுடைய திருமணத்துக்கும் சொத்துரிமைக்கும் இடையூறு வந்தது. ஆகவே பலர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, வீட்டில் சைவராகவோ கத்தோலிக்கராகவோ வாழ்ந்தார்கள்.

அடிகளார் வந்தபோது நம் மக்களைக் கவனிக்கக் குருக்கள் இல்லை. கண்டியில் ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறைவைத்தார்கள். பின்பு கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கை முழுவதற்கும் குருமுதல்வராக நியமித்தார். ஓர் ஊரைவிட்டுச் சென்றால் திரும்பி வர நெடுநாளாகும். ஆதலால் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார்.

அண்ணாவியார் என்றதும் மட்டக்களப்பாருக்குக் கூத்துக் களரிதான் நினைவுக்கு வரும். கோயில் அண்ணாவியாரோ செபம் சொல்லிக்கொடுத்தார். சனங்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அவசரத்தில் ஞானஸ்நானமும் கொடுத்தார். மூப்பர் கோயில் காரியங்களைப் பார்த்தார். பிடிபட்டால் தண்டனை மட்டுமே கிடைக்கும் அப்பணிக்குப் பதவி ஆசையால் யார் வந்திருப்பார்? தோம்பில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை. அயலவர் அவர்களுடைய விசுவாசத்தை அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் பதிவேடு வீணா? இல்லை. அம்மூப்பர்களும் அண்ணாவிமாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். திருச்சபையின் பெயரால் பணிக்கப்பட்டவர்கள். அடிகளாரும் தமது மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்தே நடந்தார். மேற்றிராணிப் பதவி தம்மை நாடி வந்தபோது அதை மறுத்தார். ஞானஸ்நானம் வாசல், வாசலில் நின்றுவிடுகிறவன் வீட்டுக்குப் பொறுப்பாளன் ஆகமாட்டான்.

1711 தை 16 ஆம் நாள் அடிகளார் கண்டியில் மரித்தார். 1995 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14 ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் கொழும்பில் அறிவித்தார்கள்.

மறைமாவட்ட மேய்ப்புப்பணிப் பேரவையினரிடம் திருச்சபைச் சட்டம் கேட்பவை முழு ஒன்றிப்பு, உறுதியான விசுவாசம், நன்னடத்தை, விவேகம் ஆகியவையே. அடுத்த முறை உங்கள் பங்குச் சபைக்கு ஒருவரை முன்மொழியுமுன், அவர் வீட்டில் மாலைச் செபம் உண்டா என்று பாருங்கள். உங்களை முன்மொழிந்தால், அதே கேள்வியை முதலில் உங்களிடமே கேளுங்கள்.