சீனாவின் முதல் உலக சாம்பியன்... 30 வயதில் முடிந்த கதை! யார் இந்த ரோங் குவோதுவான்?

டேபிள் டென்னிஸ் என்றாலே சீனாதான் என்று இப்போ சொல்கிறோம். ஆனா 1959 வரைக்கும் எந்த விளையாட்டிலும் சீனாவுக்கு ஒரு உலக சாம்பியன்கூட கிடையாது. அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ரோங் குவோதுவான்.

1937ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் பிறந்தவர். குடும்பத்தில் வசதி இல்லை. சின்ன வயசுலயே படிப்பை விட்டுட்டு மீன் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். போதாக்குறைக்கு காசநோய் வேறு. 1957ல் ஹாங்காங் வந்த ஜப்பானின் உலக சாம்பியன் இசிரோ ஓகிமுராவை இந்த ஒல்லிப் பையன் வீழ்த்தினார். அதே ஆண்டு சீனாவுக்கே குடிபெயர்ந்தார்.

மூன்று ஆண்டுகளுக்குள் உலகப் பட்டம் வெல்வேன் என்று 1958ல் வெளிப்படையாகவே அறிவித்தார். கொஞ்சம் ஓவராகத்தான் தெரிந்திருக்கும். ஆனா அவருக்கு ஒரே வருஷம்தான் தேவைப்பட்டது. 1959 ஏப்ரல், ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரம். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் ஹங்கேரியின் ஃபெரெங்க் சீடோ, 1953ம் ஆண்டு சாம்பியன். 3-1 என்று கதையை முடித்தார் ரோங். அந்த வெற்றியை ஒட்டி சீனா தயாரித்த பந்துக்கு 'இரட்டை மகிழ்ச்சி' என்று பெயர் வைத்தார் பிரதமர் சூ என்லாய். இன்றைக்கும் அது முன்னணி பிராண்ட்.

1961ல் பெய்ஜிங்கில் ஆடவர் அணிப் பட்டத்தையும் சீனா வென்றது. ஜப்பானுக்கு எதிரான இறுதியில் வெற்றியை உறுதி செய்த ஆட்டம் ரோங்குடையதுதான்.

கோச் ரோங்

அடுத்து பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஆனார். 1965ல் யூகோஸ்லாவியாவின் லுப்லியானாவில் உலகப் போட்டி. இறுதி வரை அணியைக் கொண்டு வந்தவர்கள் அடித்து ஆடும் இரண்டு வீராங்கனைகள். இறுதியில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, தடுத்து ஆடும் லின் ஹுய்சிங், செங் மின்சி இருவரையும் இறக்கினார் ரோங். தோற்றிருந்தால் மொத்தப் பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். மேசையிலிருந்து தள்ளி நின்று பந்தை வெட்டி வெட்டித் திருப்பிய அவர்களிடம் ஜப்பான் திணறிப்போனது. 3-0! பெண்கள் அணிக்கு முதல் உலகப் பட்டம்.

1966ல் கலாசாரப் புரட்சி வந்தது. ஹாங்காங்கில் பிறந்ததே குற்றம் என்றானது. உளவாளி என்று சந்தேக முத்திரை குத்தப்பட்டது. அவரைப் போலவே ஹாங்காங்கிலிருந்து வந்த பயிற்சியாளர் ஃபூ சிஃபாங், வீரர் ஜியாங் யோங்நிங் இருவரும் 1968 ஏப்ரல், மே மாதங்களில் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஜூன் 20ம் தேதி ரோங்கும். அப்போ அவருக்கு 31 வயசுகூட ஆகவில்லை.

1967, 1969 உலகப் போட்டிகளுக்கு சீனா போகவே இல்லை. 1971ல் ஜப்பானின் நகோயாவில் திரும்பி வந்தபோது பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்றவர் அதே லின் ஹுய்சிங். செங் மின்சியோடு சேர்ந்து இரட்டையரும் வென்றார். அவர்களின் கோச் மேலிருந்த களங்கத்தை அரசு நீக்க மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.