ஹாஸ்டலுக்குப் போகுமுன்: கணித மேதை இராமானுஜன்



சங்க மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். சீனிவாச இராமானுஜனைத் தவிர எனக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்? ஆனால் 1729 என்ற எண்ணின் கதையை நீங்கள் எல்லாரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, ஹாஸ்டலில் இருந்தவன் கண்ணால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்லப் போகிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1974-இல் பி.யு.சி. சேருவதற்காக, தகரப் பெட்டியும் ஒரு ஜமக்காளமுமாக நானும் எங்க அய்யாவும் பந்தல்குடியில் பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்காக நின்றபோது, அதே மாதிரி புதுப் பெட்டியோடு இன்னொரு பையன் நின்றான். அய்யாக்கள் இரண்டு பேரும் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து எங்களை ஒரே சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி நான் அழாமல் தூங்கினேன் என்றால் அந்த இரண்டு மணி நேரப் பழக்கம்தான் காரணம். அந்த வருஷம் எங்க பக்கத்திலிருந்து இன்னொரு பையனும் வந்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாட்டுப் பாடுவார். சம்பளம் வீட்டுச் செலவுக்கே இழுபறி. டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே பையனின் கணக்குத் திறமை வெளியே தெரிந்துவிட்டது. 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ஐயாயிரம் சூத்திரங்கள் வரை இருக்கும்; விளக்கம் அதிகம் இல்லை. அதை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்ததில் மற்றப் பாடமெல்லாம் மறந்து போயிற்று.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காததால் உதவித்தொகை போனது. வீட்டில் முகம் காட்ட முடியாமல் 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. நம்மில் அரியர்ஸ் வைத்துக் கஷ்டப்பட்டவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்!

பச்சையப்பன் கல்லூரிப் படிப்பு கைகொடுக்காவிட்டாலும் அங்கே கிடைத்த நட்பு கைகொடுத்தது. 1909-இல் ஜானகியம்மாளோடு திருமணம் ஆனது. அதற்குப் பிறகு சென்னையில் வேலை தேடி அலைந்து உடம்புக்கு முடியாமல் கிடந்த சமயத்தில், கவனித்துக்கொண்டு ரயிலேற்றி ஊருக்கு அனுப்பியவர் பழைய கல்லூரித் தோழர் இராதாகிருஷ்ண அய்யர்தான். தன் உயிருக்கு மேலான கணக்கு நோட்டுகளை இராமானுஜன் ஒப்படைத்துவிட்டுப் போனதும் அவரிடம்தான்.

1910-இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி அய்யரைத் திருக்கோயிலூரில் பார்த்தார். அவர் வழியாகப் பெரிய மனிதர்கள் பழக்கம் ஏற்பட்டது. நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914 தொடக்கத்தில் சொற்பொழிவு ஆற்றச் சென்னை வந்த நெவில் என்ற இளம் பேராசிரியர், கடல் கடக்க மாட்டேன் என்றிருந்தவரைச் சம்மதிக்க வைத்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார் இராமானுஜன்.

அம்மாவையும் மனைவியையும் ஊருக்கு அனுப்பி வைத்த பிறகே குடுமியை எடுத்தார். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமே என்றுதான். கோட்டு, சூட்டு, பூட்ஸ். முள்கரண்டி பிடிக்கச் சில நாள் பயிற்சி. 26 வயது, கல்யாணம் ஆனவர், கணிதத்தில் உலகமே வியக்கப் போகிறவர். ஆனாலும் 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா கப்பலில் ஏறியபோது, பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்ற நம் மாதிரிதான் அவரும் நின்றிருப்பார்.

ஏப்ரல் 14-ஆம் தேதி கப்பல் லண்டன் சேர்ந்தது. நெவிலும் அவர் தம்பியும் மோட்டார் காரோடு வந்து காத்திருந்தார்கள். அவர்கள் அவரை நேரே கேம்பிரிட்ஜ் கூட்டிப் போகவில்லை. லண்டனில் கிராம்வெல் ரோடு, 21-ஆம் எண் வீட்டில் சில நாள் தங்க வைத்தார்கள். அது என்ன இடம்? இந்தியாவிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் முதலில் வந்து இறங்குவதற்காக ஏற்படுத்தப்பட்ட வீடு. தங்கலாம், எந்தக் காலேஜ், எந்த ஊர் என்று விசாரிக்கலாம், ஏற்கனவே வந்திருக்கும் இந்தியர்களைப் பார்க்கலாம். அரசாங்கம் வேவு பார்க்கிறது என்று அந்த வீட்டின் மேல் பல மாணவர்களுக்குச் சந்தேகமும் உண்டு. எப்படியிருந்தாலும் தனியாக வந்து இறங்கியவனுக்கு நம் நாட்டு முகம் ஒன்றைப் பார்க்க அது ஓர் இடம்.

அந்த வீட்டில்தான் இராமலிங்கம் என்ற தமிழ் இளைஞரை இராமானுஜன் சந்தித்தார். அவர் கணிதக்காரர் அல்ல, இன்ஜினியர். கேம்பிரிட்ஜில் கூடப் படிக்கப் போகிறவரும் அல்ல. வழியில் ஏற்பட்ட பழக்கம், அவ்வளவுதான். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் கழித்து இவர் மறுபடி வருவார்.

ஏப்ரல் 18-ஆம் தேதி கேம்பிரிட்ஜ். உடனே கல்லூரி அறைக்குப் போகவில்லை. செஸ்டர்டன் ரோட்டில் நெவில் தம்பதியர் வீட்டில் சுமார் ஒன்றரை மாதம் இருந்தார். பூட்ஸ் காலைக் கடித்தது, செருப்பே சுகமாக இருந்தது. அதையெல்லாம் பெரிதுபடுத்தாமல் நெவிலின் மனைவி அன்பாகப் பார்த்துக்கொண்டார். ஜூனில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட் என்ற கட்டடத்தில் அறை கிடைத்தது. ஹார்டியின் அறைக்கு நடந்தே போய்விடலாம்.

பாடத்துக்கு ஹார்டி இருந்தார். மற்றதற்கு யார்? கிங்ஸ் கல்லூரியில் இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள். ஒருவர் சென்னையிலிருந்து போன ஆனந்த ராவ். பிற்காலத்தில் கணிதப் பேராசிரியராகப் பெயர் பெற்றவர். இன்னொருவர் வங்காளி மகலனோபிஸ். பிற்பாடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். குளிர்காலத்தில் ஒருநாள் மகலனோபிஸ் இராமானுஜனின் அறைக்குப் போனார். இராத்திரியில் குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றாராம் இவர். கம்பளி இல்லையா என்று உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளிகள் படுக்கையில் நன்றாக மடித்துச் செருகிக் கிடக்கின்றன. மேல் விரிப்பு அப்படியே மூடியிருக்க, அதன்மேல் படுத்துக்கொண்டிருக்கிறார் மேதை! கம்பளியை எடுத்துக் காட்டி, உள்ளே எப்படி நுழைந்து படுப்பது என்று நண்பர் சொல்லிக் கொடுத்தார்.

இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை இராத்திரி அந்த மனிதர் குளிரில் நடுங்கியிருப்பார்? ஹார்டியிடம் போய் இதைக் கேட்க முடியுமா? கணக்கில் சந்தேகம் என்றால் வாத்தியாரிடம் கேட்கலாம். கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று சகமாணவனிடம்தான் கேட்க முடியும். அவனாக வந்து பார்த்தால்தான் அதுவும் நடக்கும்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடக் கஷ்டம். கேம்பிரிட்ஜில் மாணவர்கள் பெரிய கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். நம் மெஸ் மாதிரிதான். சிநேகிதம் பிடிப்பதே அங்கேதான். இராமானுஜன் சுத்த சைவம். கூடத்துக்குப் போகாமல், அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஆச்சாரம் தப்பியது, ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரன் இல்லாமல் போய்விட்டான். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் வந்தது. இளைஞர்கள் போர்முனைக்குப் போக, கல்லூரியே காலியானது. மகலனோபிஸும் 1915-இல் இந்தியா திரும்பினார்.

ஒருநாள் சாட்டர்ஜி என்ற நண்பரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தன் கையால் சமைத்துப் போட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் வேண்டாம் என்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி, ஐந்து பவுன் அனுப்பச் சொல்லி. தன் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மனம் நொந்து கிளம்பிப் போய்விட்டாராம். தினமும் நாலு பேரோடு சாப்பிட்டுப் பழகியவனுக்கு இப்படித் தோன்றுமா? என்றைக்கோ ஒருநாள் விருந்து வைப்பவனுக்கு அந்த ஒரு கரண்டி ரசமே உலகமாகி விடுகிறது.

1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1917-இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று அப்போது நினைத்தார்கள். கல்லீரலில் அமீபாத் தொற்று இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று சொல்கிறது. ஊரிலிருந்து மனைவியின் கடிதங்களும் ஒழுங்காக வந்து சேரவில்லை. மாமியார் மருமகள் மனஸ்தாபம். 1918 தொடக்கத்தில் லண்டனில் ஓடும் ரயில் முன் விழப் போய், தெய்வாதீனமாகப் பிழைத்தார். ஹார்டிதான் போலீஸிடம் பேசி மீட்டுக்கொண்டு வந்தார். அதே வருஷம் இராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, டிரினிட்டியின் ஃபெல்லோ என்று பெரிய கௌரவங்களும் தேடி வந்தன.

இந்தச் சமயத்தில் அவர் மேட்லாக் என்ற மலைப்பகுதிச் சிகிச்சை இல்லத்தில் கிடந்தார். குளிர், பிடிக்காத சாப்பாடு, பேச ஆள் இல்லை. 1918 ஜூனில் அங்கே ஒருவர் வந்து மூன்று நாள் போலக் கூடவே இருந்தார். என்ன சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளவில்லை, எடை எப்படி, மனசு எப்படி என்று எல்லாவற்றையும் கவனித்து ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அவர்தான் இராமலிங்கம். கிராம்வெல் ரோட்டு வீட்டில், கல்லூரிக்குப் போகுமுன்னே பழக்கமான அதே இன்ஜினியர்.

அந்தக் கடிதத்தால் இராமானுஜன் பிழைத்துவிட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். 1919 பிப்ரவரியில் கப்பலேறி மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். படுக்கையில் கிடந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் மறைந்தார். ஜானகியம்மாள் தையல் வேலை செய்து காலம் தள்ளி, 1994 வரை வாழ்ந்தார். ஆனால் உடம்பும் மனசும் ஒடிந்து கிடந்தபோது, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று தமிழில் கேட்க ஒரு ஆள் வந்தாரே, அதற்கு விதை போட்டது 1914 ஏப்ரலில் அந்தச் சில நாட்கள்தான்.

இனி அந்த மூன்றாவது பையன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அட்மிஷன் தாமதமாகி, எல்லாரும் சேர்ந்து பத்து நாள் கழித்துத் தனியாகப் பெட்டியோடு வந்தான். அதற்குள் அறைக்கு அறை, மெஸ்ஸில் மேஜைக்கு மேஜை செட்டு சேர்ந்துவிட்டது. அவன் வாயைத் திறந்ததுமே எங்க கரிசக்காட்டுப் பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் பேசவில்லை. என் பேச்சைக் கேட்டு டவுன் பையன்கள் சிரித்த சிரிப்பு அப்போதுதான் அடங்கியிருந்தது. அவனோடு சேர்ந்தால் மறுபடி சிரிப்பார்களே என்ற பயம்! தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பெட்டியை எடுத்துப்போக அவன் சித்தப்பா வந்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஒரு கைப்பிடியை அவரும் மறு கைப்பிடியை நானும் பிடித்துத் தூக்கிப் போனோம். நீங்கதான் தம்பிக்குச் சிநேகிதமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஐம்பது வருஷமாக அந்தப் பொய் உறுத்துகிறது.

படிப்பை முடிக்காததால் நம் சங்கப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. இந்த மலரும் அவனுக்குப் போகாது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் ஹாஸ்டல் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடிப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஓர் இடத்தில் கூட்டுவோம். மேடை, மாலை எதுவும் வேண்டாம். டீயும் வடையும் போதும். தாமதமாகச் சேருகிறவனுக்கு மட்டும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கூடவே ஹாஸ்டல் வரை போய்வர வேண்டும். பந்தல்குடியில் என் வீட்டுத் திண்ணை பெரிசு. முதல் கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். தாமதமாக வருகிற பிள்ளையோடு போகிற வேலையை எனக்குக் கொடுங்கள்.