யார் இந்த நா.வா.? டுட்டோரியல் வாத்தியார் நெல்லைக்குச் சொல்லிக்கொடுத்த மானிடவியல்

பாபநாசம் மலைக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். சாமிக்கு எதற்குச் செருப்பு?

இதற்கான பதில் முத்துப்பட்டன் கதைப்பாடலில் இருக்கிறது. அதை ஆராய்ந்து பதிப்பித்தவர் நா.வானமாமலை. 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டார், கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்தார், சிறைக்கும் போனார். பிறகு பாளையங்கோட்டையில் டுட்டோரியல் நடத்திப் பிழைத்தார்.

நெல்லைக்குப் பல்கலைக்கழகம் வந்ததே 1990-ல்தான். ஆனால் 1967-லேயே அவர் 'நெல்லை ஆய்வுக் குழு'வைத் தொடங்கிவிட்டார். ஆர்வம் இருந்தால் போதும், வரலாம். ஆனா சும்மா உட்கார முடியாது. கட்டுரை எழுதி வாசிக்கணும், கேள்விகளுக்குப் பதில் சொல்லணும். 1969-ல் 'ஆராய்ச்சி' இதழ் வந்தது. தாலாட்டு, ஒப்பாரி, சுடலைமாடன் கதை எல்லாம் அதுவரை படித்தவர்கள் பலருக்குப் பாமரர் சமாச்சாரம். நா.வா.வுக்கு அதுதான் சமூகத்தின் ஆவணம்.

முத்துப்பட்டன் விஷயத்துக்கு வருவோம். பட்டன் பிராமணன். வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்படுகிறான். பெண் கேட்டால், பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டச் சொல்கிறார் அப்பா. பட்டன் தைக்கிறான், கல்யாணம் நடக்கிறது. கடைசியில் மாமனாரின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். மனைவிகள் தீயில் இறங்குகிறார்கள்.

கதையில் ஒரு இடம் உறுத்தும். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு பகுதி வரும். பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகல் இது என்றார் நா.வா. சாதி தாண்டிய கல்யாணத்தைச் சகிக்க முடியாதவர்கள், கதையை மறைக்க முடியாமல் பிறப்பை மாற்றிவிட்டார்கள். அச்சில் இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடாமல், யார் சேர்த்தது, யாருக்கு லாபம் என்று கேட்கப் பழக்கினார். இன்று வாட்ஸ்அப்பில் சாதிப் பெருமைக் கதைகளை ஃபார்வர்ட் செய்கிறவர்களுக்கும் அந்த வகுப்பு தேவைதான்!

இந்தப் பதிப்பை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது. நா.வா. 1980-ல் மறைந்தார். அவரிடம் பழகி வளர்ந்த ஆ.சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் உப்பளம், அடிமைமுறை, கிறிஸ்தவம் எனத் தென்மாவட்டங்களைத் தோண்டி எழுதினார்கள். பின்னாளில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறையும் வந்தது.