பேர்னெற் கைவிட்ட மருந்து

சேர் மக்ஃபார்லேன் பேர்னெற் என்றால் 1960இல் நோபல் பரிசு பெற்ற அவுஸ்திரேலியர் என்று பலருக்குத் தெரியும். உடலின் நோயெதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்த பரிசு அது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் பாடுபட்டது வேறொன்றுக்காக: உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த வைரசைக் கொண்டே இன்புளுவென்சாக் காய்ச்சலைத் தடுக்க அவர் விரும்பினார்.

1899இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை வங்கி முகாமையாளர். மகனுக்கோ காசுக்கணக்கில் அல்ல, வண்டு சேகரிப்பதில்தான் நாட்டம். (கணக்காளனாகிய எனக்கு இதில் சிறு வருத்தம்.) மருத்துவம் படித்து மெல்பேர்னில் ஆய்வாளரானார்.

1928இல் குயின்ஸ்லாந்தின் பண்டபேர்க் நகரில் டிப்தீரியாத் தடுப்பூசி போட்ட 21 பிள்ளைகளில் 12 பேர் இறந்தனர். கிருமித்தடுப்பான் சேர்க்காத ஒரே போத்தலிலிருந்து பல தடவை மருந்து எடுத்ததில் அதற்குள் கிருமி வளர்ந்திருந்தது. அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் பேர்னெற். தடுப்பு மருந்தில் கவனம் பிசகினால் என்ன நடக்கும் என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்தான், பின்னர் உயிருள்ள வைரசையே மருந்தாக்கத் துணிந்தார்.

1933இல் லண்டனில் மனிதரின் இன்புளுவென்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டபோது அவர் அதே நிறுவனத்தில்தான் பணியாற்றினார். மெல்பேர்ன் திரும்பி, கருக்கொண்ட கோழிமுட்டையில் அதை வளர்க்கும் முறையைச் சீராக்கினார். முட்டைக்கு முட்டை மாற்றி வளர்க்கும்போது வைரஸ் கோழிக்குப் பழகி, மனிதருக்குச் சாதுவாகிவிடும். சிக்கலும் அங்கேதான் இருந்தது. போதிய அளவு பழகாவிட்டால் காய்ச்சல் வரும். மிஞ்சிப் பழகினால் மூக்கில் ஒட்டாது, எதிர்ப்பும் உண்டாகாது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1918இன் கொள்ளைக்காய்ச்சல் திரும்பி வருமோ என்ற அச்சம் இருந்தது. அவுஸ்திரேலியப் படையினரின் மூக்கில் அவரது மருந்து விசிறப்பட்டது. நம்பத்தக்க பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 1945இல் அமெரிக்கா கொல்லப்பட்ட வைரசாலான ஊசிக்கு அனுமதி கொடுத்தது. பேர்னெற் தன் முயற்சியைக் கைவிட்டார்.

லெனின்கிராட்டில் சிமோரோதின்ட்செவ் அதே வழியை விடாமல் தொடர்ந்தார். மிச்சிகனில் மசாப் வைரசை 25 பாகைக் குளிரில் வளரப் பழக்கினார். அப்படிப் பழகிய வைரஸ் மூக்கில் பெருகும், சூடான நுரையீரலில் பெருகாது. பேர்னெற்றுக்குக் கைகூடாத அளவு அங்கே கிடைத்தது.

அதிலிருந்து உருவான மூக்கு மருந்துக்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்தது. பேர்னெற் 1985இலேயே காலமாகிவிட்டார். இன்று பிரித்தானியப் பள்ளிகளில் நம் பிள்ளைகளின் மூக்கிலும் விசிறப்படுவது அதே வகை மருந்துதான். அதற்கான வைரஸ் இப்போதும் கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது.