நரம்புகளின் உறவு கண்ட விபுலானந்த அடிகள்



ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணாக்கர் எவரும் என்றேனும் ஒருநாள் தம் தாய்மொழியைப் பற்றிய வினாவொன்றுக்கு விடையிறுக்க நேரும். எனக்கு அந்நாள் சென்ற ஆண்டு வந்தது. மேனாட்டிசை பற்றிய சொற்பொழிவொன்றைக் கேட்டுவிட்டு, அறைத்தோழராகிய தெலுங்கு நண்பருடன் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் உள்ள இடைவெளிக்கு இலத்தீன் மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டென்று அன்று அறிந்தோம். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியசு என்னும் உரோமானிய அறிஞர் தம் இசைநூலில் அவற்றை விளக்கியுள்ளார். 3:2 என்னும் அளவுக்குச் 'செசுகுயி ஆல்டெரா' என்று பெயர். ஒன்றும் அதன்மேல் அரையும் என்பது பொருள். 4:3 என்பது 'செசுகுயி டெர்சியா'. ஒன்றும் அதன்மேல் மூன்றிலொன்றும்.

தமிழில் இவற்றுக்குப் பெயர் உண்டா என்று நண்பர் வினவினார். நான் சரிகம என்று தொடங்கினேன். அது எங்களுக்கும் உண்டே என்று அவர் நகைத்தார். என் வாய் அடைத்தது. அந்த நாணமே என்னை நூலகத்துக்கு ஈர்த்தது. அங்கே 'யாழ் நூல்' என் கைக்குக் கிட்டியது. அதனை இயற்றிய பெருமகனாரின் வாழ்வையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஈழத்தின் கீழ்க்கரையில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமைப் பெயர் மயில்வாகனன். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் பயின்ற அவர் அறிவியலையும் விட்டாரல்லர். 1916-இல் கொழும்பில் அறிவியற் பட்டயம் பெற்றார். அவ்வாண்டே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் எய்தினார். உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. ஆயின் 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார்.

துறவி தமிழைத் துறந்தாரில்லை! 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை முதன்முதல் அணிசெய்தவர் அவரே.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகள் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. யாழோ வழக்கொழிந்துவிட்டது, பழைய உரைகளோ பலருக்கும் விளங்கவில்லை. இசையறிவோடு கணிதமும் இயற்பியலும் வல்ல அடிகள் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளையும் எண்ணளவில் வைத்து ஆராய்ந்தார்.

அங்கேதான் என் நண்பருக்குரிய விடை இருந்தது. ஒரு நரம்பை மூன்றில் இரு பங்காகக் குறுக்கி இசைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். இது ஐந்தாம் நரம்பு. இதனைக் 'கிளை' என்றனர் நம் முன்னோர். நான்காம் நரம்பு 'நட்பு'. மூன்றும் ஆறும் 'பகை'. பண்டைக் கிரேக்கரும் மூன்றாம் சுரத்தை ஒத்திசைக்கும் சுரங்களோடு சேர்த்தாரில்லை என்பது வியப்பன்றோ? இலத்தீன் புலவர் கணக்கைப் பெயராக்கினார். தமிழர் உறவைப் பெயராக்கினர். அளவு ஒன்றே, நோக்கு வேறு.

ஏழு இயல்களைக் கொண்ட யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அஃது அரங்கேறியது. நோயுற்ற உடலோடு அவ்விழாவைக் கண்ட அடிகள், சூலை 19-ஆம் நாள் மறைந்தார். தம் வாழ்நாட் பணி நிறைவுற்றதைக் கண்ணாரக் கண்டபின் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய ஆறு வாரமே. மட்டக்களப்பில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

தோழர்களே, இந்நகருக்கும் அடிகளின் கனவுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. 1918-இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது; அதற்கென ஒரு மொழிபெயர்ப்பகமே அமர்ந்து அறிவியற் சொற்களை ஆக்கிற்று. அடிகளும் 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தாய்மொழியில் அறிவியல் இயலுமா என்ற ஐயத்துக்கு இரு நகரங்களும் செயலால் விடை தந்தன.

அன்றிரவு கிளையும் நட்பும் பகையும் இன்னவென்று நண்பருக்கு விளக்கினேன். அவர் சற்றே எண்ணிவிட்டு, நாம் இருவரும் எந்த முறை என்று கேட்டார். நான்காம் நரம்பு என்றேன். இருவரும் மகிழ்ந்து சிரித்தோம். ஆயினும் ஒன்று என்னை உறுத்துகின்றது. அவர் கேட்டிராவிடில் நான் அந்நூலைத் திறந்திருப்பேனா? நம்மைப் பிறர் வினவுமுன் நாமே நம்மை வினவிக்கொள்வோமாக!