பக்கவாத்தியம் வளர்த்த செம்பை

கொல்லங்கோடு: பாலக்காட்டுச் சீமை ஈன்ற சங்கீத மேதை கோட்டாயியை அடுத்த செம்பை கிராமத்தைச் சேர்ந்த வைத்தியநாத பாகவதர் 1896-ல் பிறந்தார். தந்தை அனந்த பாகவதரே குரு.

ஒலிபெருக்கி இல்லாத நாளிலும் கடைசி வரிசைக்கு எட்டிய வெண்கலக் குரல் அவருடையது. அதற்கு ஈடுகொடுத்தது மைசூர் சௌடய்யாவின் ஏழு தந்தி வயலின். மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி அய்யரைச் சிறு பிராயத்திலேயே சென்னை மேடையில் ஏற்றினார் பாகவதர். மூவரும் கூடிய கச்சேரிகள் பெரும் புகழ் பெற்றன.

மணி அய்யரை மற்றப் பெரிய வித்வான்களும் நாடலாயினர். பாகவதர் இன்னொருவரையும் கைதூக்கிவிட்டார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசிப்பவர். அவர் மேடையின் மறுபக்கம் அமர்ந்தால் வயலின் வித்வான் இடம் மாற வேண்டும். பலர் அதற்கு இணங்காததால் அவருக்குக் கச்சேரிகள் நழுவின. பாகவதர் தயங்காமல் அவரைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். பக்கவாத்தியம் ஓங்கினால் பாட்டு மங்கும் என்ற அச்சம் அவருக்கு இருந்ததில்லை.

1951-ல் சங்கீத கலாநிதி ஆனவருக்கு அடுத்து வந்தது பெரும் சோதனை. குரலே அடைத்துப்போயிற்று. சிகிச்சைக்குப்பின் அது மீண்டதைக் குருவாயூரப்பன் அருளென்றே கொண்டார்.

பின்னாளில் டி.வி.கோபாலகிருஷ்ணன், ஜய-விஜயர் ஆகியோருக்கும், மதம் பாராது யேசுதாசுக்கும் வித்தை அளித்தார். 1974 அக்டோபர் 16-ல், ஒற்றப்பாலத்தில் கோயில் கச்சேரி முடித்த அன்றே காலமானார். அவர் பெயரால் குருவாயூரில் ஆண்டுதோறும் நடக்கும் சங்கீத உற்சவத்தில் இளம் வித்வான்கள் ஏராளமாக மேடை ஏறுகின்றனர்.