ஆட்டுத்தோலிற் கிடந்த குழந்தை

ஸ்கொட்லாந்தின் தென்னெல்லைக்கு அண்மையிலுள்ள சண்டிநோப் பண்ணைவீட்டில், அப்பொழுதுதான் உரித்த ஆட்டுத்தோலிற் சுற்றப்பெற்றுக் குழந்தையொன்று கிடந்தது. செயலற்ற காலுக்கு அத்தோலின் வெம்மை உயிரூட்டுமென்பது அந்நாட்டார் நம்பிக்கை. நரைத்த தலையினரான பாட்டனார் றொபேட் ஸ்கொற், குழந்தையைத் தவழச்செய்ய வேண்டி எத்தனையோ வேடிக்கை காட்டினார். அக்குழந்தையே பின்னாளில் வரலாற்று நாவலுக்கு வழிவகுத்த சேர் வால்ட்டர் ஸ்கொற்.

1771 இல் எடின்பரோ நகரிற் பிறந்த அவர், ஒன்றரை வயதிற் காய்ச்சலுற்றார். சில நாட்களில் வலக்கால் வலுவிழந்தது. இன்று அதனை இளம்பிள்ளைவாதம் என்பர். தாய்வழிப் பாட்டனார் எடின்பரோப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர். நாட்டுப்புறக் காற்றே நன்றென்று அவர் கூறியமையாற் குழந்தை தந்தைவழிப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பப்பட்டது. ஆட்டுத்தோல் பயன்தரவில்லை. 1775 இற் பண்ணைப் பாட்டனாரும் காலமானார்.

ஆனால் அவ்வீட்டிற் பாட்டியார் பார்பரா இருந்தார். அவருடைய இளமையில் எல்லைப்புறக் கொள்ளையரின் செயல்கள் முதியோர் நினைவினின்றும் நீங்கவில்லை. மாடு கவர்ந்தோரும் மீட்டோருமாகிய வீரர் பலரின் கதைகளை அவர் பேரனுக்குச் சொல்லுவார். அவர்களுள் ஸ்கொற் குலத்து முன்னோரும் உளர். வெட்சியும் கரந்தையும் கற்ற நமக்கு அக்கதைகளின் சுவை புதிதன்று! அத்தை ஜனெற் பழைய கதைப்பாடல்களைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்ட, எழுத்தறியுமுன்பே அவை குழந்தைக்கு மனப்பாடமாயின.

ஊனம் இறுதிவரை நீங்கவில்லை. எனினும், இளமையில் அவர் ஒரே நாளில் முப்பது மைல் நடப்பதுமுண்டு. குதிரையேற்றத்தில் வல்லவராகி, 1797 இல் தொண்டர் குதிரைப்படையிலும் சேர்ந்தார். எல்லைப்புறக் குன்றுகளில் அலைந்து திரட்டிய கதைப்பாடல்களை 1802 இல் வெளியிட்டார். 1814 இல் பெயர் மறைத்து வெளியிட்ட ‘வேவர்லி’ நாவல் வரிசைக்குத் தொடக்கமாயிற்று. அந்நாவல்களின் நீண்ட வருணனைகள் இன்று சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆயினும் அவற்றிலே பிச்சைக்காரரும் பணிப்பெண்களும் பேசும் பேச்சிற் பண்ணைவீட்டு அடுப்பங்கரையின் சூடு ஆறவில்லை என்றே நான் கருதுகின்றேன்.

1826 இல், அவர் பங்காளியாயிருந்த அச்சகம் முறிந்தது. ஏறக்குறைய 120,000 பவுண் கடன் தலையில் விழுந்தது. அப்பொழுது வயது ஐம்பத்துநான்கு. கடன் முழுவதையும் எழுதியே தீர்ப்பதெனத் துணிந்தார். இறக்குமுன் பெரும்பகுதியைத் தீர்த்தும் விட்டார்.

அந்த ஓயாத உழைப்பினிடையே எழுந்ததுதான் ‘பாட்டனாரின் கதைகள்’. மகள் வயிற்றுப் பேரன் ஜோன் ஹியூ, முதுகெலும்பு நோயால் நலிந்த சிறுவன். அவனுக்கு ஸ்கொட்லாந்தின் வரலாற்றை முதலில் வாயாற் சொல்லிப் பார்த்து, பின்னரே எழுதினார். பிள்ளைகளுக்கென்று அளவுமீறி எளிமைப்படுத்திய நூல்களைப் பிள்ளைகளே வெறுப்பர் என்பது அவர் கொள்கை. முதற்றொகுதி 1827 இன் இறுதியில் வெளிவந்தது. பண்ணைவீட்டிற் கேட்டிருந்த குழந்தை, இப்பொழுது சொல்லும் இடத்தில் இருந்தது.

1831 டிசெம்பரிற் பேரன் பத்து வயதில் இறந்தான். வாதநோயால் தளர்ந்து, உடல்நலம் நாடி இத்தாலிக்குச் சென்றிருந்த பாட்டனாருக்கு அங்கேதான் அச்செய்தி எட்டியது.